எண்பத்திரண்டு பொருள்களும் ஒரு மேசையும்

நாற்பத்தேழு கரண்டிகளை மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. ஆளுக்குப் பதினைந்து போக இரண்டு மிஞ்சும். மிஞ்சிய இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, அப்பாவின் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் சராசரி.

"இந்த ரெண்டையும் தூக்கிப் போட்டுடவா அப்பா?"

"போடேன்," என்றார் அப்பா முன்னறையிலிருந்து. "ஆனா உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அதுல ஏதோ ஒண்ணு, அவளுக்குச் சின்ன வயசுல மருந்து கொடுத்த கரண்டி."

அது எந்தக் கரண்டி என்று அப்பாவுக்கு நினைவில்லை. நாற்பத்தேழில் ஏதோ ஒன்று. சராசரி மூன்று குவியலையும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிட்டு, எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

சராசரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. புள்ளிவிவர அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறவர் என்பதால் சக ஊழியர்கள் சூட்டியது. பஸ் வரவில்லையே என்று யாராவது அலுத்துக்கொண்டால், இந்தத் தடத்தில் சராசரிக் காத்திருப்பு பதினொன்றரை நிமிடம் என்று ஆறுதல் சொல்லக்கூடிய மனிதர் அவர். அந்தப் பெயர் மெல்ல வீடு வரை வந்து, அக்கா, தம்பி என்று எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. செல்போனில் அந்தப் பெயரில் சேமித்து வைத்திருந்ததோடு சரி.

விஷயம் இதுதான். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் படியில் கால் இடறி, கணுக்கால் வீங்கிப் பத்து நாள் படுத்துவிட்டார். கீழே விழுந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள். அந்த முக்கால் மணி நேரம் சராசரியைத் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே அவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடினார். தன் வீடு தரைத்தளத்தில்தான் இருக்கிறது. ஓர் அறைக்கு வெள்ளையடித்து, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் அடித்துவிட்டார். அப்பா வந்து சேர வேண்டும். அவர் வாழ்க்கையில் இப்போதைக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அப்பா மூன்று வாரம் மாட்டேன் என்றார். பிறகு ஒருநாள், கேட்காமலேயே ஒத்துக்கொண்டார்.

"வர்றேன்டா. ஆனா நான் கிளம்பறதுக்கு முன்னாடி இங்க இருக்கற சாமானையெல்லாம் நீங்க மூணு பேரும் பிரிச்சுக்கணும். ஒருத்தர் முகம்கூடச் சுண்டக் கூடாது. பிரிச்சு முடிச்ச அன்னிக்கு நான் பெட்டியத் தூக்கிடுவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நாலு சட்டையை மடித்து வைத்து ஒரு சிறிய பெட்டியைக் கட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். வாடகை வீடு என்பதால் பிரிக்க வீடு கிடையாது. சாமான்கள் மட்டும்தான். சராசரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பட்டியல் எடுத்தார். கரண்டிகளை ஒரே இனமாக வைத்துக்கொண்டால் மொத்தம் எண்பத்து மூன்று பொருள்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அன்றைக்கே அந்த அறையில் புதுத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார்.

அந்தக் குடும்பத்தில் மூன்று பேருமே பங்கு போட்டுப் பிழைக்கிறவர்கள். அக்கா குடிதண்ணீர் கேன் விநியோகம் செய்கிறவர். இரண்டு வேன், நானூறு வீடுகள். தம்பி வக்கீல், அதிலும் பாகப்பிரிவினை வழக்குகள்தான் அவருக்குச் சோறு போட்டன. சராசரியோ, எது எங்கே எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று கணக்கெடுத்து வரைபடம் போடுகிறவர். இப்படி மூன்று பேர் கையில் ஒரு வீட்டுச் சாமான் சிக்கினால் நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை. பத்துச் சமையல்காரர்கள் இருக்கிற வீட்டில் ஒருவரும் சாப்பிடாமல் தூங்குவதும் உண்டு.

கரண்டி விவகாரத்தைக் கேட்டதும் அக்கா சிரித்தார். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் அடுத்த வருடம்தான் முடியும் என்றார்.

"விநியோகம்னா சரக்கு வாசலுக்குப் போய்ச் சேரணும். அவ்வளவுதான். யாருக்கு எதுங்கறதை அப்புறமா பேசி மாத்திக்கலாம்."

அடுத்த ஞாயிறு காலை, மற்ற இருவரும் பல் தேய்ப்பதற்குள் அக்காவின் வேன் வந்து, உள்ளறையையும் சமையலறையையும் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேனில் கடைசியாக ஏற்றியது முதல் வீட்டில் இறங்கியது. முதலில் ஏற்றியது கடைசி வீட்டில். தண்ணீர் கேனுக்கு இது மிக நல்ல முறை. எல்லாக் கேனும் ஒன்றுதானே. மத்தியானத்துக்குள் மிக்ஸி சராசரி வீட்டிலும் அதன் ஜார் தம்பி வீட்டிலும் இருந்தன. தையல் இயந்திரத்தின் தலை ஓரிடம், கால் ஓரிடம். கட்டிலின் சட்டம் தம்பி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பலகைகள் அக்கா வீட்டில் கிடந்தன.

கட்டிலில் படுத்துத் தூங்குகிற மனிதர் ஒருவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"தரையில படுத்தா முதுகுக்கு நல்லதுதான்," என்று அப்பா போனில் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, போனில் தெளிவாகக் கேட்கும்படி ஒரு பெருமூச்சும் விட்டார். அன்று சாயங்காலமே எல்லாம் திரும்பி வந்தன, மிக்ஸி ஜாரின் மூடியைத் தவிர.

தம்பிக்கு இதில் மிகுந்த வருத்தம். வக்கீல் இருக்கிற குடும்பத்தில் இப்படியா நடக்கும் என்று கேட்டார். விநியோகம் செய்வதற்கு முன் உரிமை யாருக்கு என்று தெரிய வேண்டாமா? அது தெரியும்வரை இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும் என்று ஒரு பத்திரம் தயாரித்தார். ஒவ்வொரு பொருள்மீதும் எண் போட்ட ஒரு சீட்டை ஒட்டினார். மூன்று பேரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பொருளும் இடம் மாறக் கூடாது. கதவில் ஒரு பதிவேட்டையும் தொங்கவிட்டார்: யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள். அப்பாவும் அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா சட்டத்தை மதிக்கிறவர். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சராசரியின் போன் அடித்தது. வழக்கம்போலக் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தார்.

"இருபத்தாறாம் நம்பர் டம்ளரை அலமாரியிலேர்ந்து எடுத்து மேசைக்குக் கொண்டு வரலாமாடா? அக்காகிட்டயும் தம்பிகிட்டயும் கேட்டுட்டேன். உன் சம்மதம்தான் பாக்கி."

சராசரி சம்மதித்தார். ஏழே காலுக்கு, டம்ளரைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சம்மதம் கேட்டு இன்னொரு போன் வந்தது. வாளிக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று என்று அந்த வாரம் முழுக்க மூன்று வீட்டிலும் அப்பாவின் குரல் ஒலித்துக்கொண்டே இருந்தது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நடுவே தம்பியின் போன் நடுங்க, அப்பா துடைப்பத்துக்கு அனுமதி கேட்டார். தம்பி பத்திரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். பதிவேட்டை மட்டும் விடவில்லை. ஒரு ஆதாரமாவது இருக்கட்டும் என்றார். இந்தப் பத்திரத்தால் விளைந்த நல்லது ஒன்றே ஒன்று. சீட்டு ஒட்ட ஏறி இறங்கியதில் தம்பிக்கே மூச்சு வாங்கி ஓரிடத்தில் கால் வழுக்கியது. கோபத்தில் கட்டட உரிமையாளருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பத்தே நாளில் படிக்கட்டு முழுக்கக் கைப்பிடிக் கம்பி வந்துவிட்டது.

இனிப் பொறுப்பதில்லை என்று சராசரி களத்தில் இறங்கினார். உண்மையில் அவர் இதற்காகத்தான் காத்திருந்தார்.

"அக்கா, நீ சொல்றது போக்குவரத்து. டேய், நீ சொல்றது வழக்கு. யாருக்கு எது மேல எவ்வளவு ஆசைன்னு தெரியாம எப்படிப் பிரிக்கறது? ஆசை எப்படிப் பரவியிருக்குன்னு முதல்ல பார்க்கணும்."

ஆளுக்கு நூறு மதிப்பெண். எண்பத்து மூன்று பொருள்களுக்கும் தங்கள் ஆசைக்கேற்ப அதைப் பிரித்துப் போட வேண்டும். யாரும் யாருடையதையும் பார்க்கக் கூடாது. எந்தப் பொருளுக்கு யார் அதிகம் போட்டாரோ அது அவருக்கு. ஒருவருக்கு ஒன்று பிடிக்கும், இன்னொருவருக்கு மற்றொன்று பிடிக்கும். எல்லோருக்கும் பிடித்ததே கிடைக்கும். முகம் சுண்ட வழியே இல்லை. உறையில் போட்டு ஒட்டி, ஞாயிறன்று அப்பா முன்னிலையில் பிரிப்பது என்று முடிவானது.

இதில் சராசரிக்கு ஒரு சுயநலமும் இருந்தது. பட்டியலில் எண்பத்து மூன்றாவதாக ஒரு மேசை இருந்தது. டிப்போவில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா வாங்கியது. கரும்பழுப்பு மரம், இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினோரு இழுப்பறைகள். சராசரி எண்ணக் கற்றுக்கொண்டதே அந்த இழுப்பறைகளைத் தொட்டுத் தொட்டுத்தான். பத்துக்கு மேல் ஒரு எண் உண்டு என்று அவருக்குச் சொன்னது அந்தப் பதினோராவது இழுப்பறை. போன வருடம் அப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தையும் சொல்லியிருந்தார். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், நூறு மதிப்பெண்ணையும் மேசைக்கே போட்டார். மற்ற எண்பத்திரண்டுக்கும் பூஜ்யம். போகட்டும், மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் மனசு தாராளமாக இருந்தது.

ஞாயிறன்று மூன்று உறைகளும் பிரிக்கப்பட்டன. சராசரி வரைபடத் தாளில் குறித்தார். எண்பத்திரண்டு பொருள்கள் தரையோடு தரையாகக் கிடந்தன. எண்பத்து மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு கோடு முந்நூறு வரைக்கும் நிமிர்ந்து நின்றது. இருபத்து நான்கு வருடப் பணியில் இப்படி ஒரு பரவலை அவர் பார்த்ததே இல்லை.

முதலில் பேசியவர் அக்கா.

"அது எனக்குன்னு அப்பா எப்பவோ சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு. மனசு கஷ்டப்படுவீங்களாம்."

"எனக்குச் சொன்னாரு," என்றார் தம்பி. "போன தடவ காய்ச்சல்ல கிடந்தப்போ. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு."

சராசரி பென்சிலைக் கீழே வைத்தார். அவர் சொல்ல வேண்டிய வார்த்தைகளை இருவரும் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அந்த மேசையின் முன்தான் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு பேர்கிட்டயுமா சொன்னேன்?" என்றார். "வயசாச்சு இல்லப்பா. எது யார்கிட்ட சொன்னேன்னு எங்க நினைப்பிருக்கு. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நான் எதுக்கும் தயார்." சொல்லிவிட்டு எழுந்து போய், வாசலில் இருந்த பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்து, மறுபடி வைத்தார்.

அன்றிலிருந்து மூன்று பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். அக்காவிடம் வேன் இருக்கிறது, தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று தம்பிக்குப் பயம். தம்பி ஏதாவது தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிடுவார் என்று அக்காவுக்குப் பயம். இரண்டும் நடக்கக்கூடும் என்று சராசரிக்குப் பயம். ஆகவே தண்ணீர் கேனை இனி ஆள் மூலம் அனுப்பாமல் அக்காவே கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் அப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மேசை அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு போனார். தம்பி நீதிமன்றம் முடிந்ததும் சரக்குப் பட்டியலைச் சரிபார்க்க வந்தார். சரிபார்க்கும்போது அப்பா பழைய வழக்குக் கதைகளைக் கேட்பார். எட்டு மணி ஆகிவிடும். சராசரி அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டார். அப்பா எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் மற்ற இருவரும் வந்து போன செய்தியை மறக்காமல் சொன்னார்.

இப்படியே விட்டால் சரிப்படாது என்று தம்பி ஒரு சமரசம் கொண்டுவந்தார். மேசை ஆளுக்கு நான்கு மாதம், சுற்றில். பதினான்கு பக்க ஒப்பந்தம். கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்பதற்கு மட்டும் மூன்று பக்கம். முதல் நான்கு மாதம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. சீட்டு நியாயமானதுதானா என்று சோதிக்காமல் எப்படி எடுப்பது என்று சராசரி பிடித்துக்கொண்டார். முப்பது முறை குலுக்கிப் பார்த்ததில் அக்காவின் சீட்டு பத்தொன்பது முறை வந்தது. அக்கா தன் பெயரைத் தண்ணீர் கேன் அட்டையில் எழுதியிருந்தார். அது விறைப்பாக, விரலில் முதலில் தட்டுப்பட்டது. புதிதாகச் சீட்டு எழுதினார்கள். அப்போதும் அக்காவுக்கே விழுந்தது. ஆனால் இந்த முறை அதை நியாயம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சராசரிக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் பிரித்து முடிந்தது. மற்ற எண்பத்திரண்டு பொருள்களையும் பத்து நிமிடத்தில் பிரித்துவிட்டார்கள், கரண்டிகள் உட்பட. மேசை இறங்கினால் அப்பாவும் இறங்குவார். அதை நினைத்ததும் சுருக்கென்றது சரியாகிவிட்டது.

மேசை படிக்கட்டில் இறங்குமா என்பதை மட்டும் முன்னதாக உறுதி செய்துகொள்ளும் பொறுப்பைச் சராசரி எடுத்துக்கொண்டார். டேப்பைப் பிடித்துப் படிக்கட்டின் அகலத்தைப் பதினெட்டு இடங்களில் அளந்தார். கூட்டிப் பதினெட்டால் வகுத்தார். மேசையைவிட இரண்டு விரற்கடை அதிகமாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவின் வேன் வந்தது. கூடவே, போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த டிரைவர். அறுபதைத் தாண்டிய, நிதானமான மனிதர். இழுப்பறைகளைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, நான்கு பேரும் மூலைக்கு ஒருவராகப் பிடித்து மேசையை வாசல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். முதல் எட்டுப் படிகளை மேசை அழகாகக் கடந்தது. சராசரியின் முகத்தில் வெற்றிக் களை வந்தது. ஒன்பதாவது படியில், இரண்டாம் மாடிக்குத் திரும்புகிற வளைவில், மேசை நின்றுவிட்டது.

கீழே தள்ளினார்கள். போகவில்லை. மேலே இழுத்தார்கள். அதற்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை. சாய்த்துப் பார்த்ததில் சராசரியின் கட்டைவிரல் சுவருக்கும் மேசைக்கும் நடுவே மாட்டியது.

"அளந்தேன்னியே," என்றார் அக்கா மேலிருந்து.

"பதினெட்டு இடத்துல அளந்தேன்க்கா. சராசரியா பார்த்தா தாராளமா போகணும்."

"இது சராசரியா போகலையே. இந்த ஒரு இடம் வழியாத்தானே போகுது."

உண்மைதான். மற்ற இடங்களின் தாராளம் இந்த வளைவின் கஞ்சத்தனத்தைக் கணக்கில் மறைத்துவிட்டது. வளைவில் இடத்தைத் தின்றது, சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருந்த புத்தம் புதிய கைப்பிடிக் கம்பி. இதை எந்த மடையன் இங்கே அடித்தான் என்று அக்கா கேட்க, தம்பி மேசையின் கீழ் மூலையைப் பிடித்தபடி, அதற்கு நோட்டீஸ் அனுப்பியது தான்தான் என்று அடங்கின குரலில் சொன்னார்.

அதற்குள் மூன்றாம் மாடி எதிர் வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, தான் கடைக்குப் போக வேண்டும் என்றார். யாரும் நகர வழியில்லை. அவர் பையை முதலில் தள்ளிவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து, தவழ்ந்து வெளியே போனார். முக்கால் மணி நேரம் கழித்துக் காய்கறியோடு அதே வழியாகத் திரும்பி வந்தபோதும் மேசை அங்கேயேதான் இருந்தது. பொதுப்படிக்கட்டில் நிற்கும் மேசை சட்டப்படி இப்போது யார் வசம் இருக்கிறது என்று தம்பிக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அதை அவர் வாய்விட்டுக் கேட்டது தப்பு. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அப்பாவுக்கு மேலிருந்து எல்லாம் தெரிந்தது. படிக்கட்டின் தலைப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த மேசை வந்தபோது பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றியது என்று இப்போதுதான் நினைவு வந்தவர்போலச் சொன்னார். அந்தப் பால்கனிக்குக் கம்பிவலை அடித்து இருபது வருடம் ஆகிறது.

கடைசியில் டிரைவர்தான் வழி கண்டுபிடித்தார். இவ்வளவு நேரம் வாயைத் திறக்காதவர், ரிவர்ஸ்தான் எடுக்கணும் என்றார். மூன்று பேரையும் எங்கே நிற்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று விரலாலேயே காட்டி, மேசையை வந்த வழியே அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றினார். பெருத்த மூச்சுகளுக்கு நடுவே எண்பத்து மூன்றாம் நம்பர் தன் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. வாசலில் டிரைவரைப் பக்கத்தில் பார்த்ததும் அப்பா ஏனோ செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். டிரைவர் கீழே போன பிறகுதான் தாளைத் தாழ்த்தினார். பிறகு ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். கண்ணாடிக்கூட்டையும் பேனாவையும் எடுத்து, அவை எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தார்.

அக்காவும் தம்பியும் தரையில் சரிந்து உட்கார்ந்து, முதலில் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். அப்புறம் தவழ்ந்து போன அம்மாளை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியபோது தம்பி அக்காவின் தோளில் சாய்ந்திருந்தார். கடைசியாக இப்படி எப்போது சாய்ந்தார் என்று அவருக்கே நினைவிருக்காது.

சராசரி மட்டும் வாசலருகே நின்றிருந்தார். தோற்றுவிட்டோம் என்று அவருக்குத் துக்கமாக இருந்தது. கட்டைவிரலை ஊதிக்கொண்டே, சும்மா இருக்க முடியாத பழக்கத்தில், கதவில் தொங்கிய பதிவேட்டைப் புரட்டினார். எண்களைப் பார்த்தால் கூட்டாமல் விடுகிறவர் இல்லை. உறை பிரித்த ஞாயிறிலிருந்து நாற்பத்து மூன்று நாள்கள். ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மறுபடி முதலிலிருந்து பார்த்தார். ஒரு நாள்கூடக் காலியாக இல்லை. இந்தப் பிரிவினைக்கு முன்னால் மூன்று பேரும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். மீதி நாள்கள் அப்படியே கிடக்கும். இப்போது திங்களும் வியாழனும் அக்கா, செவ்வாயும் வெள்ளியும் தம்பி, புதனும் சனியும் அவர், ஞாயிறு எல்லோரும். பாடப்புத்தகத்தில்தான் இவ்வளவு சீரான பரவலைப் பார்க்க முடியும்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. போன் அடித்து அவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அப்பாவின் கன்னங்கள் கொஞ்சம் நிரம்பியிருந்தன. படிக்கட்டில் கம்பி இருந்தது. முக்கால் மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்க இப்போது இந்த வீட்டில் வழியே இல்லை. சராசரிக்கு மனசு நிறைந்துபோய், என்ன செய்வதென்று தெரியாமல் பதிவேட்டில் தான் உள்ளே வந்த நேரத்தைத் திருத்தமாக எழுதினார். இருந்தாலும், வெள்ளையடித்த அறைக்காக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"மேசைதானேப்பா இறங்கல. நீங்க வரலாமே."

அப்பா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"வரலாம்தான். ஆனா பிரிக்காம எப்படிடா வர்றது? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கே. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி உட்கார்ந்து பேசுவோம். மூணு பேருமா வாங்க."

மறுக்க யாருக்கும் தோன்றவில்லை. அக்கா, வரும்போது தான் சமைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார். சராசரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாவது படியைக் கொஞ்சம் மரியாதையோடு தாண்டி, கீழே இறங்கினார்.

வேனுக்குப் பக்கத்தில் டிரைவர் கைகளைத் துடைத்துக்கொண்டு மாடியையே அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். மேலே இருக்கிறவர் உங்கள் அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றார் சராசரி.

"டிப்போவுல பதினாறு வருஷம் அவர்தான் எனக்கு டூட்டி போட்டாரு சார், லீவு கேட்டுப் போனா, 'இந்த ஞாயித்துக்கிழமை உனக்குத்தான், யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு அத்தனை டிரைவர்கிட்டயும் தனித்தனியா சொல்லி வெச்சிருப்பாரு, யாருக்கு லீவுன்னு நாங்க எங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டே எல்லாரும் தினம் வந்து நிப்போம், அவர் இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட ஆள் இல்லாம வண்டி நின்னதில்ல."